வாரயிறுதி எழுத்தாளர் ரிட்ரீட் போயிட்டு வந்தேன்: எழுதினதை விட அடிச்சதுதான் ஜாஸ்தி

#1 ஈரமண்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கான ரிட்ரீட் (ஒதுங்கி உட்கார்ந்து எழுதுற முகாம்) ஒண்ணுக்குப் போகலாமா வேண்டாமான்னு இங்கேதான் புலம்பிட்டு இருந்தேன். போயிட்டு வந்துட்டேன். வந்து நாலு நாள் ஆச்சு, மனசு இன்னும் ஆறல. அதனால இங்கே கொட்டிடறேன்.

வெள்ளி சாயங்காலம் ஆரம்பிச்சு ஞாயிறு மதியம் முடிஞ்சது. பதினாலு பேர். போன உடனே போனை ஒரு அட்டைப்பெட்டியில போடச் சொன்னாங்க. ராத்திரி ஜெபம் முடிஞ்சதுல இருந்து மறுநாள் மதியம் வரைக்கும் மௌனம். இருபது பக்கம் எழுதித் தள்ளிடலாம்னு நினைச்சேன். முதல்ல நல்லாத் தூங்கினேன். எழுந்து பென்சில் சீவினேன். சீவின பென்சிலையே திரும்பவும் சீவினேன். கடைசியில தேறினது மூணு பக்கம்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல மூணு நாலு பேரா உட்கார வெச்சாங்க. வினை அங்கேதான். எழுதினவங்க தன் எழுத்தைத் தானே வாசிக்கக் கூடாது, பக்கத்துல இருக்கிறவங்க உரக்க வாசிப்பாங்க. எழுதினவங்க வாயே திறக்கக் கூடாது, விளக்கமும் சொல்லக் கூடாது. இதுதான் விதி. என் கட்டுரையை ஒரு அக்கா வாசிச்சாங்க. ரெண்டாவது வாக்கியத்துலயே அவங்களுக்கு மூச்சு வாங்கிடுச்சு, அவ்வளவு நீளம். அதுக்கே எனக்குக் காது சூடாயிடுச்சு.

கட்டுரை அப்பா இறந்த ராத்திரியைப் பத்தினது. அறுநூறு வார்த்தை இருக்கும். "வேற யாரு எழுதியிருந்தாலும் இப்படியே இருந்திருக்கும்னு தோணுற இடத்துல எல்லாம் பென்சில்ல கோடு போடுங்க"ன்னு நடத்துறவர் சொல்லியிருந்தார். போட்டாங்க. "அந்த இருளான வேளையிலும் தேவன் என்னைத் தேற்றினார்", கோடு. "இரவு முழுவதும் ஜெபத்தில் தரித்திருந்தேன்", கோடு. "அவருடைய சமாதானம் என் இருதயத்தை ஆண்டுகொண்டது", அதுக்கும் கோடு. தாளைத் திருப்பிக் கொடுத்தப்போ கோடு விழாதது நாலே வரி. அதுல ஒண்ணு தேதி.

அப்புறம் இதுவரைக்கும் பேசாம இருந்த ஒரு பையன் கேட்டான்: "அக்கா, அன்னைக்கு ராத்திரி உங்க கையில என்ன இருந்துச்சு?"

எனக்குப் பதில் வரல. கோபம்தான் வந்தது. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டேன்.

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, விசுவாசிகள் கூடுற இடத்துல இப்படியா நடத்துறது? ஊக்கம் தேடித்தானே போறோம். ரெண்டு, ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தர் வந்து, "உங்க புத்தகத்தை நாங்க போடறோம், நீங்க ஒரு தொகை கட்டினாப் போதும்"னு எல்லார்கிட்டயும் ஒரு படிவம் கொடுத்தார். இது சரியான வழியா?

#2 தொடுவானம்

இதுக்குத்தான் நான் இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போறதே இல்லை சிஸ்டர். கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த வார்த்தையில பென்சில் வைக்க இவங்க யாரு? எழுத்து ஊழியம்னா ஊழியம். அதை இலக்கியக் கூட்டம் ஆக்கிட்டாங்க. முழங்கால்ல நின்னு எழுதினதை நாலு பேர் வட்டமா உட்கார்ந்து வெட்டுவாங்களாம். வீட்டுலயே இருந்து எழுதுங்க.

#3 பழைய பேனா

தொடுவானம் தம்பி, "கர்த்தர் கொடுத்தது"ன்னு சொன்ன பிறகு எதிர்ல இருக்கிறவன் என்ன பேச முடியும்? எழுத்துப் பிழையைக் காட்டினாக்கூட அவன் கர்த்தருக்கே விரோதி ஆயிடறான். நானும் இளவயசுல இந்தக் கேடயத்தைத் தூக்கிட்டு அலைஞ்சவன்தான்.

லூக்கா சுவிசேஷத்தோட முதல் நாலு வசனத்தை எடுத்துப் பாருங்க. ஏற்கெனவே அநேகம் பேர் எழுத முயற்சி பண்ணியிருக்காங்கன்னு ஒத்துக்கறார். தான் ஆதிமுதல் எல்லாத்தையும் "திட்டமாய் விசாரித்தறிந்த"தாகச் சொல்றார். அதை ஒழுங்கா எழுதுறது "எனக்கு நலமாய்த் தோன்றிற்று" என்கிறார். சத்தம் கேட்டது, தரிசனம் வந்ததுன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆள் ஆளா விசாரிச்சிருக்கார், அடுக்கியிருக்கார். அது வேதமும் ஆயிருக்கு. ஆவியானவர் ஏவுறதும் ஆசிரியர் மெனக்கெடுறதும் ஒண்ணுக்கொண்ணு விரோதம்னு யார் சொன்னது?

ஈரமண் சிஸ்டருக்கு எரேமியா 36. எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல பாரூக் எழுதின சுருளை ராஜா கத்தியால அறுத்து அறுத்து நெருப்புல போடறான். எரேமியா வேற சுருளை எடுத்து, பாரூக்கை உட்கார வெச்சு, முதல்ல இருந்து சொல்றார். அதிகாரத்தோட கடைசி வசனம் ரொம்பப் பேர் கண்ணுல படுறதில்லை. பழைய வார்த்தைகளோட அதே மாதிரி இன்னும் அநேகம் வார்த்தை சேர்ந்ததாம். முதல் பிரதியைவிட ரெண்டாவது பெரிசு.

உங்களுக்குக் கிடைச்சது ராஜாவோட கத்தி இல்லை, பென்சில்தான். அழிரப்பர் வெச்சா அழிஞ்சுடும்.

ஆனா உங்க கோபத்துலயும் நியாயம் இருக்கு. துக்கத்தைப் பத்தின எழுத்தை முதல் தடவை வாசிக்கும்போது பென்சிலைக் கீழே வெச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்கணும். நடத்துறவர் அதைச் செஞ்சிருக்கணும். நானே ஒரு தடவை செய்யத் தவறியிருக்கேன். அந்தம்மா அதுக்கப்புறம் எழுதவே இல்லைன்னு கேள்விப்பட்டேன்.

#4 ரெண்டாம் வரி

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். அடுத்த மாசம் எனக்கு முதல் ரிட்ரீட். இதைப் படிச்சதும் பேர் கொடுத்ததே தப்போன்னு இருக்கு. நான் அதிகம் பேசாத ஆள். பாதி எழுதின நாவல் ஒண்ணு இருக்கு, கொண்டு போகலாமா? அதுல நாயகன் கிறிஸ்தவனே இல்லை. கேலி பண்ணுவாங்களா? லேப்டாப்பா, நோட்டா?

#5 கல்லும் கவிதையும்

நான் கத்தோலிக்கன். எங்க பக்கம் தியானம்னாலே மௌனம்தான், அதனால போன் பெட்டி எல்லாம் எனக்குப் புதுசில்லை. மௌனத்துல முதல் சில மணி நேரம் தூக்கம் வர்றது சகஜம். அதைப் பாவமா நினைக்க வேண்டாம். உடம்பு பாக்கி வெச்ச தூக்கத்தை வசூல் பண்ணுது. (போன் இல்லாத ரிட்ரீட்னா மோட்சப் பயணம் எழுதின ஜான் பன்யன் போனதுதான். 1660ல உள்ளே போனவர், பன்னிரண்டு வருஷம் சிறை.)

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வர்றேன். "கையில என்ன இருந்துச்சு" என்கிறது ஏதோ நவீன இலக்கியக் கேள்வின்னு நினைக்காதீங்க. இயேசு சபையை ஆரம்பிச்ச லொயோலா இஞ்ஞாசியாரோட 'ஆன்மிகப் பயிற்சிகள்'ங்கிற புத்தகம் 1548ல அச்சானது. அதுல கிறிஸ்து பிறப்பைத் தியானிக்கச் சொல்ற இடத்துல, பெத்லகேமுக்குப் போற பாதை எவ்வளவு நீளம், அகலம், சமதரையா, பள்ளத்தாக்கு வழியாவான்னு மனசால பார்க்கச் சொல்றார். பிறந்த குகை பெரிசா சின்னதா, தாழ்வா உயரமான்னு பார்க்கச் சொல்றார். அப்புறம்தான் தியானம். முதல்ல இடம், பொருள். இந்தப் பயிற்சியை நான் கவிதைக்காகவே திருடி வெச்சிருக்கேன்.

ஈரமண், அந்தக் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்கு. இல்லாட்டி கோபம் வந்திருக்காது.

#6 தொடுவானம்

பழைய பேனா ஐயா, லூக்கா விஷயம் யோசிக்க வைக்குது. ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லணும்.

"தேற்றினார்", "தரித்திருந்தேன்", "பாரம்", இதையெல்லாம் தேய்ஞ்ச வார்த்தைன்னு பென்சில்ல கோடு போடறீங்க. சரி. என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்ச உயர்ந்த தமிழே சபையில கேட்ட தமிழ்தான். சாகுற அன்னைக்கு "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"னு அரை உதட்டுல சொல்லிட்டே போனாங்க. அவங்க வாயில அது தேய்ஞ்ச வார்த்தையா? உங்க நாலு பேர் வட்டத்துக்கு அது பழசு. படிக்கப் போறவங்க யாருன்னு பார்க்க வேண்டாமா? சபைத் தமிழைப் பார்த்து வெட்கப்படுற கிறிஸ்தவ எழுத்தாளர்களைப் பார்த்தாத்தான் எனக்கு எரியுது.

#7 ஈரமண்

தொடுவானம் பிரதர், பாட்டி பத்தி எழுதினீங்களே, அதை ரெண்டு தடவை படிச்சேன். "அரை உதட்டுல". அந்த வசனத்தை அந்த இடத்துல யாரும் கோடு போட மாட்டாங்க.

#8 மை தீர்ந்தவன்

ரெண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. நான் அந்தக் குழியில விழுந்தவன், பேர் சொல்ல மாட்டேன்.

காசு வாங்கிட்டு அச்சடிச்சுக் கொடுக்கிறது தப்பான தொழில் இல்லை. அச்சகம் அதைத்தான் செய்யுது. ஆனா "உங்க எழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கோம்"னு சொல்லிட்டுக் காசு கேட்டா அங்கே உஷாராகணும். தேர்ந்தெடுத்தவன் தன் காசைப் போடுவான். என்னையும் "தேர்ந்தெடுத்தாங்க", கூட வந்திருந்த அத்தனை பேரையும் தேர்ந்தெடுத்தாங்க. கடைசியில மிஞ்சினது கட்டில் அடியில பெட்டி பெட்டியாப் புத்தகம். அட்டையில என் பேர்லயே எழுத்துப் பிழை.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது: உரிமை யார்கிட்ட இருக்கும், எத்தனை வருஷத்துக்கு? பிழை திருத்துறது யாரு, அவர் திருத்தின ஒரு பக்கத்தைக் காட்ட முடியுமா? புத்தகம் கடைக்குப் போகுமா, இல்லை மொத்தமும் என் வீட்டுக்கு வருமா? ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்கலாமான்னு கேளுங்க. "இன்னைக்கே போட்டா சலுகை"ன்னு சொன்னா எழுந்து போயிடுங்க. ஜெபம் பண்ணிட்டு முடிவெடுக்கச் சொல்லி, பேனாவையும் சேர்த்து நீட்டுறவங்களை நான் பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, இதை யாரும் ரிட்ரீட்ல சொல்றதில்லை. வேத வசனம் எல்லாருக்கும் பொதுதான், மொழிபெயர்ப்பு அப்படி இல்லை. புது மொழிபெயர்ப்புக்கெல்லாம் காப்புரிமை உண்டு. ஆங்கிலத்துல என்.ஐ.வி.ங்கிற வேத மொழிபெயர்ப்புன்னா 500 வசனம் வரைக்கும் எழுத்து மூலமா அனுமதி கேட்காம எடுத்தாளலாம். ஆனா அது வேதத்துல ஒரு முழுப் புத்தகமா இருக்கக் கூடாது, உங்க புத்தகத்துல கால்வாசியை எட்டவும் கூடாது. தினத்தியானப் புத்தகம் எழுதறவங்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் இடிக்கும். எந்த மொழிபெயர்ப்பை எடுக்கறீங்களோ அதோட முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்க. பாட்டு வரிகள் இதைவிடச் சிக்கல். ரெண்டே வரிதானேன்னு போட்டுடாதீங்க.

#9 பழைய பேனா

மை தீர்ந்தவன் சொன்னதைப் படிவம் வாங்கின பதினாலு பேருக்கும் காட்டணும்.

ரெண்டாம் வரி தம்பிக்கு: நாயகன் கிறிஸ்தவன் இல்லைங்கிறதுக்கா பயம்? தமிழின் முதல் நாவலை 1879ல வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். அவரோட பிரதாப முதலியார் கிறிஸ்தவர் இல்லை. (அந்த நாவல்ல உபதேசத்துக்குப் பஞ்சமே இல்லைங்கிறது வேற கதை.) எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை பன்யனோட மோட்சப் பயணத்தைத் தமிழுக்குக் கொண்டு வந்தப்போ, 1894ல வந்த இரட்சணிய யாத்திரிகத்தைக் கம்பனோட ஓசையில பாடினார். தொடுவானம் சொல்ற சபைத் தமிழும் ஒரு ஓசைதான், எனக்கு அதுல வெட்கம் இல்லை. எங்கே எடுக்கணும், எங்கே வெச்சுட்டு வரணும்னு தெரிஞ்சாச் சரி.

பாதி நாவலைத் தாராளமாக் கொண்டு போ. ஆனா வட்டத்துல மூணு பக்கத்துக்கு மேல கொடுக்காதே. முதல் அத்தியாயமும் வேண்டாம். நீ எங்கே முட்டிட்டு நிக்கிறியோ அந்த மூணு பக்கம். முன்கதைச் சுருக்கம் சொல்ல ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டே, நாலு வரியில எழுதி மேலே ஒட்டிடு. நாலு பிரதி எடுத்துக்கோ, வரிக்கு வரி இடைவெளி விட்டு. நோட்டு போதும். லேப்டாப் இருந்தா எழுத்துரு மாத்தியே அரை நாள் போயிடும்.

அதிகம் பேசாத ஆள்னு சொன்னே. ஈரமண் சிஸ்டர்கிட்ட கையில என்ன இருந்துச்சுன்னு கேட்டவனும் அதிகம் பேசாதவன்தான்.

சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணும்னும் இல்லை. ஆங்கில எழுத்தாளர்கள் லூயிஸ், டோல்கீன் எல்லாம் சேர்ந்த இங்க்லிங்ஸ் குழு ஆக்ஸ்போர்ட்ல வியாழன் ராத்திரி லூயிஸோட அறையில கூடும். எழுதிட்டு இருக்கிறதை உரக்க வாசிப்பாங்க, விமர்சனத்துல தயவு தாட்சண்யம் கிடையாது. லூயிஸோட நார்னியா கதை டோல்கீனுக்குப் பிடிக்கவே இல்லை. லூயிஸ் கேட்டுக்கிட்டார். 1950ல முதல் புத்தகம் வெளிவந்துடுச்சு.

#10 ரெண்டாம் வரி

நன்றி ஐயா. நாலு பிரதி. குறிச்சுக்கிட்டேன். முட்டிட்டு நிக்கிற இடம்னா மொத்த நாவலையும் கொண்டு போகணும்.

#11 ஈரமண்

ஒரு வாரமா இந்தப் பக்கம் வரல. எழுதிட்டு இருந்தேன்.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். "இரவு முழுவதும் ஜெபத்தில் தரித்திருந்தேன்"னு எழுதியிருந்தேன் இல்லையா, அது நடக்கல. பொய் சொல்லணும்னு எழுதல. அந்த இடத்துல அந்த வாக்கியம்தான் வரும், கை தானா எழுதிடுச்சு. வட்டத்துல யாருக்கும் அது பொய்னு தெரியாது. பழகின வாக்கியம்னுதான் கோடு போட்டாங்க. எனக்குக் கோபம் எதுக்கு வந்ததுன்னு ரூமுக்குள்ள போனப்புறம்தான் புரிஞ்சது.

இப்போ எழுதியிருக்கிற இடம் இது:

"அப்பாவின் கண்ணாடி என் கையில் இருந்தது. வலது காதுப் பக்கத்துக் கம்பி எப்போதோ உடைந்து, அதில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. நர்ஸ் கழற்றிக் கொடுத்தபோது மூக்கில் உட்காரும் இடத்தில் இன்னும் ஈரம் இருந்தது. டேப் தடுப்பதால் மடக்க முடியாது. விரித்தபடியே விடியும்வரை பிடித்திருந்தேன். கைகூப்ப வேண்டும் என்று ஒருமுறை தோன்றியது. கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்று நான் ஜெபிக்கவில்லை."

இதுக்கு மேல போக முடியல. இன்னொரு சிக்கல், அந்த ராத்திரி அண்ணனும் இருந்தான். அவனுக்கும் எனக்கும் அங்கே வெச்சு ஒரு சண்டை நடந்தது. அதை எழுதாம விட்டா கதை நொண்டுது. எழுதினா அவன் முகத்துல எப்படி முழிக்கிறது? சாட்சின்னு வந்தா வீட்டு விஷயத்தை எவ்வளவு தூரம் வெளியே வைக்கலாம்?

#12 தொடுவானம்

படிச்சேன். நல்லா இருக்கு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஆனா கேட்காம இருக்க முடியல. இதுல தேவன் எங்கே சிஸ்டர்? "அன்று நான் ஜெபிக்கவில்லை"ன்னு முடிச்சா, துக்கத்துல இருக்கிற ஒருத்தர் இதைப் படிச்சுட்டு என்னத்தை எடுத்துட்டுப் போவாங்க?

#13 பழைய பேனா

வேதத்துல 88ஆம் சங்கீதத்தை எடுத்துட்டுப் போற மாதிரி எடுத்துட்டுப் போவாங்க தம்பி. புலம்பல் சங்கீதம் பலதும் கடைசியில ஒரு திருப்பம் திரும்பித் துதியில முடியும். அது திரும்பாது. இருட்டுலயே முடிஞ்சுடும். அதைத் தொகுத்தவங்க கீழே ரெண்டு வரி ஆறுதல் சேர்த்திருக்கலாம், சேர்க்கல. எனக்கு ஒரு சமயத்துல அது ஒண்ணுதான் வாசிக்க முடிஞ்சது.

#14 கல்லும் கவிதையும்

வீட்டு விஷயத்துக்கு, தன் வாழ்க்கையையே பாவ அறிக்கையா எழுதின புனித அகுஸ்தீனாரைப் பாருங்க. தன் பாவத்தையெல்லாம் பேர் ஊரோட போட்டு உடைச்சவர். தாய் மோனிக்கா சின்ன வயசுல திருட்டுத்தனமா ஒயின் குடிச்சுப் பழகினதைக்கூட எழுதறார். ஆனா அவங்க இறந்தது 387ல. அவர் எழுதினது ஏறக்குறைய பத்து வருஷம் கழிச்சு. தன்னோட வருஷக்கணக்கா வாழ்ந்து, தன் மகனைப் பெத்த பெண்ணைப் பத்தியும் எழுதறார், அவங்களைப் பிரிஞ்சப்போ நெஞ்சு கிழிஞ்சதை எழுதறார். அவங்க பேரை மட்டும் எங்கேயும் சொல்லல. அது கரிசனமா, அலட்சியமான்னு இன்னைக்கும் சண்டை போடறாங்க. நான் கரிசனம் கட்சி, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்.

உங்க அண்ணன் உயிரோட இருக்கார். போன்ல கூப்பிடுற தூரத்துல இருக்கார். அகுஸ்தீனாருக்கு இல்லாத வசதி.

#15 மை தீர்ந்தவன்

அனுமதி கேட்கறப்போ "உன்னைப் பத்தி எழுதலாமா"ன்னு கேட்காதீங்க, வேண்டாம்னுதான் வரும். எழுதினதை அப்படியே அனுப்புங்க. சண்டை இருக்கிற பக்கத்தையும் சேர்த்து. அச்சுல பார்த்து அதிர்ச்சி ஆகறதைவிட வாட்ஸ்அப்ல பார்த்துத் திட்டுறது எவ்வளவோ மேல்.

#16 தொடுவானம்

பழைய பேனா ஐயா, 88 வாசிச்சேன். ஒண்ணும் சொல்லத் தோணல.

ரெண்டாம் வரி, நீ போற ரிட்ரீட்ல இன்னும் இடம் இருக்கான்னு கேட்டுச் சொல்றியா? பாட்டியைப் பத்தி ஒண்ணு எழுதலாம்னு இருக்கேன். கோடு போட்டா எழுந்து வந்துடுவேன், அதையும் முன்னாடியே சொல்லிடு.

#17 ஈரமண்

சண்டை இருக்கிற பக்கத்தோட சேர்த்து மொத்தத்தையும் அண்ணனுக்கு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்தது. மூணு நாள் பதிலே இல்லை. நான் எல்லாம் முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன்.

இன்னைக்குக் காலையில வந்தது. சண்டையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. இவ்வளவுதான்:

"டேப் சுத்தினது இடது பக்கம். சுத்தினது நான்தான்."

வலதுன்னு இருந்ததை மாத்திட்டேன்.